வெர்னான் போட்ட ஏழாம் குழி

வெர்னான் பிலார்ஸ்கிக்கு உலகத்தில் யார்மீதும் பொறாமை கிடையாது, டெல்மர் ஹாஸ் ஒருவரைத் தவிர. அடுத்த வீட்டுக்காரன் புது ட்ரக் வாங்கினால் வாழ்த்திவிட்டு வருவார். ஆனால் 'டெல்மரின் கிண்ணம்' என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வயிறு பற்றிக்கொண்டு எரியும். இத்தனைக்கும் இருவரும் சிநேகிதர்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரே மேஜையில் மீன் வறுவலும் பீருமாக உட்காருகிறவர்கள்.

வினை நகராட்சி கோல்ஃப் மைதானத்தில் ஆரம்பித்தது. ஓஹையோவின் அந்தச் சிற்றூரில் பணக்காரர்களுக்கு ஆற்றங்கரையில் ஒரு கிளப் இருந்தது. கண்ணாடி ஆலைக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் நச்சரித்த நச்சரிப்பில் நகரசபை மூடிப்போன ஒரு பால்பண்ணையை வாங்கிக் கொடுத்தது. வடிவமைப்பாளரைக் கூப்பிடக் கையில் காசில்லை. சாலைப் பிரிவில் புல்டோசர் ஓட்டிக்கொண்டிருந்த வெர்னானையும் டெல்மரையும் கூப்பிட்டு, "ஒம்பது குழி போட்டுடுங்கப்பா" என்று சொல்லிவிட்டார்கள். குழி என்றால் வெறும் ஓட்டை இல்லை. பந்தை அடிக்கும் மேடையிலிருந்து கொடி நட்ட இடம்வரை உள்ள பாதை முழுவதும் சேர்ந்துதான் ஒரு குழி.

வெர்னானுக்கு அது வேலையாகத் தெரியவில்லை, வரமாகத் தெரிந்தது. நூலகத்திலிருந்து ஸ்காட்லாந்து மைதானங்களைப் பற்றிய புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்தார். ஓடையை ஒட்டி வளைந்து போகும் ஏழாம் குழியைச் சமையலறை மேஜையில் வரைந்தார், அழித்தார், மறுபடி வரைந்தார். துணிந்து ஓடையைத் தாண்டி அடிப்பவனுக்குக் குறுக்குவழி, பயந்தவனுக்குச் சுற்றுவழி, இரண்டுக்கும் நடுவே பேராசைக்காரனுக்கு ஒரு மணல்பள்ளம். அப்படி ஒரு குழி ஆற்றங்கரைக் கிளப்பில்கூடக் கிடையாது.

டெல்மருக்கு வந்து வாய்த்தது நான்காம் குழி. கொடி நட வேண்டிய இடத்தில் பழைய சரளைப் பள்ளம் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மண் கொட்டி நிரப்ப வேண்டும். அன்று மதியம் அவர் மீன்பிடிக்கப் போகவேண்டியிருந்தது. பள்ளத்தின் அடியிலேயே மண்ணைச் சமன் செய்து, புல் விதைத்து, கொடியை நட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். இவ்வளவுதான் அதன் வடிவமைப்பு.

அந்தச் சோம்பேறித்தனத்தில்தான் ஊரே சொக்கிப்போய், அதற்கு 'டெல்மரின் கிண்ணம்' என்று பெயரும் வைத்தது. பள்ளத்தின் எந்தச் சரிவில் விழுந்தாலும் பந்து தானாக உருண்டு கொடிப்பக்கம் வரும். வாழ்நாளில் ஒழுங்காக ஓர் அடி அடிக்காத உலைக்காரன்கூட அங்கே ஒரு நாள் ராஜா. அடுத்த கூட்டத்துக்கு வழிவிடுவதற்காக, முன்னால் போனவர்கள் ஓரமாக ஒதுங்கி நின்று கையசைப்பார்கள். பின்னால் இருப்பவர்கள் அடிப்பார்கள். ஆக எப்போதும் இரண்டு கூட்டம் பள்ளத்தில் நிற்கும். முன்பின் தெரியாதவன் பந்து உருண்டு வருவதைப் பார்த்துக் கூச்சல் போடும். அங்கே பேசிப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்களும் உண்டு. ஏழாம் குழியில் யாரும் யாரையும் சந்தித்ததில்லை. அவரவர் பந்தைத் தேடவே நேரம் சரியாக இருந்தது.

"கஷ்டமா இருக்குன்னு உன் குழியைத் திட்டறாங்கன்னா அதுல விஷயம் இருக்குன்னுதானே அர்த்தம்?" என்பாள் மனைவி ஐரீன்.

"திட்டினாக்கூடப் பரவாயில்லையே, ஐரீன். அதைப் பத்திப் பேச்சே இல்லையே."

இப்படியே புகைந்து புகைந்து வெர்னான் மைதானத்தின் தலைமைப் பராமரிப்பாளராகி, ஓய்வும் பெற்றுவிட்டார். அதன் பிறகுதான் மழைநீர் விவகாரம் வந்தது. தெருக்களில் வெள்ளம் நிற்காமலிருக்க மைதானத்தில் ஒரு குளம் வெட்ட வேண்டும், அதற்கு ஒரு குழியைப் பலி கொடுக்க வேண்டும். ஓடையோரத்து ஏழாவதா, பள்ளத்து நான்காவதா? பூங்காத் துறையை நடத்தும் ரோஷெல் டிப்ஸ் அவரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

வெர்னான் இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டுப் போனார். "கிண்ணத்தை எடுத்துக்கோம்மா. பள்ளம் ஏற்கெனவே இருக்கு, வெட்டற செலவு மிச்சம். அதுவுமில்லாம மொத்த மைதானத்துலயும் கூட்டம் தேங்கறதே அங்கதான். நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டு ஒருத்தனும் நகரமாட்டேங்கறான்."

சொன்னதெல்லாம் உண்மை. சொன்னதற்குக் காரணம்தான் வேறு. அது அவருக்கும் தெரியும்.

ரோஷெல் சிரித்தாள். "அதிசயமா இருக்கு மிஸ்டர் பிலார்ஸ்கி. நேத்து டெல்மரும் வந்து இதையேதான் சொல்லிட்டுப் போனார்."

"டெல்மரா? அவன் எதுக்கு?"

"'நான் போட்டது ஒரு மத்தியான வேலை. வெர்ன் அந்த ஏழாவதை உசிரைக் கொடுத்துப் போட்டான். அது போச்சுன்னா அவன் தாங்கமாட்டான், என்னுதை எடுத்துக்கோ'ன்னு சொன்னார். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

வெர்னான் மனசுக்குள் கணக்குப் போட்டார். இப்போது மட்டும் 'வேண்டாம், என் குழியை எடுத்துக்கொள்' என்று சொல்லிவிட்டால் வாழ்க்கையில் ஒருமுறையாவது டெல்மரை ஜெயித்துவிடலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஓடையின் வளைவும் அந்த மணல்பள்ளமும் கண்முன் வந்து நின்றன. "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை டெல்மர் மீனைப் பிய்த்துக்கொண்டே, "உன் குழி தப்பிச்சுதுடா வெர்ன்" என்றார்.

"நீ எதுக்குடா போய் நிக்கணும்? நான் உன்னைக் கேட்டேனா?"

"கேட்டாத்தான் செய்யணுமா? அதைப் போட்ட வசந்தத்துல நீ தூங்காம அலைஞ்சதைப் பாத்தவன் நான் ஒருத்தன்தானேடா."

அந்த ஒரு வார்த்தைக்காக வெர்னான் இத்தனை காலம் காத்திருந்தார். அதுவும் இவன் வாயிலிருந்தா வரவேண்டும்? பீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பினார்.

கிண்ணத்தில் தண்ணீர் நிறைந்தது. நான்காவதுக்குப் பதிலாக ஓரத்தில் சின்னதாக ஒரு குழியை ஒட்டுப்போட்டார்கள். அங்கே கூட்டம் தேங்காமல் ஓடி, ஏழாவது மேடையில் வந்து முட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் ஜனங்கள் அங்கே நின்றார்கள், ஓடையைப் பார்த்தார்கள், பேசினார்கள்.

அடுத்த கோடையில் ஒரு நாள் வெர்னான் அந்த வரிசையில் தன் மட்டையோடு நின்றிருந்தார். முன்னால் ஆலைத் தொப்பி போட்ட ஒருவன், ஊருக்குப் புதிதாக வந்த தன் மாமனாருக்கு வலது கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். ஓடையைத் தாண்டினால் என்ன லாபம், சுற்றிப் போனால் என்ன நஷ்டம், பேராசைப்பட்டால் எந்த மணலில் மாட்டிக்கொள்வாய் என்று ஒன்று விடாமல் சொன்னான். வெர்னானின் நெஞ்சு நிமிர்ந்தது.

"அடேயப்பா, நல்லா யோசிச்சுப் போட்டிருக்காங்களே" என்றார் மாமனார். "யாரு போட்டது?"

"அது தெரியல மாமா. ஆனா இதை மூட இருந்தாங்க, டெல்மர்னு ஒருத்தர் தன் குழியையே விட்டுக்கொடுத்து இதைக் காப்பாத்தினார். அதனால இதுக்கே டெல்மர் குழின்னுதான் பேரு." அவன் திரும்பி வெர்னானைப் பார்த்தான். "பெரியவரே, உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் வெர்னான்.

"குடுத்து வெச்சவர் நீங்க" என்று சொல்லிவிட்டு அவன் அடிக்கப் போனான்.