பயந்து வேலை செய்த ஏகாம்பரம்

டீ கிளாஸைக் கையில் வாங்கும்போதுதான் கடைக்காரர் சொன்னார். "ஏகாம்பரம் போயிட்டாருபா." நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கம்பத்துல?" லைன்மேன் செத்தான் என்றால் எங்களுக்கு வேறு கேள்வி வராது.

"கம்பத்துல இல்லபா, கட்டில்ல. காலையில எழுப்பினாங்களாம், எழுந்திருக்கல."

டீ ஆறும்வரை நின்றுகொண்டிருந்தேன். ஆயுள் முழுக்கக் கம்பத்தில் ஏறிய ஒருவர் கட்டிலில் போனார் என்பதை நம்ப எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறுநாள் சுவரில் ஒட்டிய தாளில் அவரை "அஞ்சா நெஞ்சர்" என்று அச்சடித்திருந்தார்கள். இரங்கல் கூட்டத்திலும் அதையே பேசினார்கள். கூட வேலை செய்த உங்களுக்குத் தெரியும், அது பொய். ஏகாம்பரம் பயந்தவர். தினமும் பயந்தவர். உயிரோடு இருந்தவரை அவரைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டவர்களே இப்போது பட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். நான் எழுந்து மறுத்தேன், உட்காரச் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் அல்ல. எழுத்தையும் வேலையையும் பார்த்துப் பார்த்தே கற்றவன். பிழை இருந்தால் இருக்கட்டும், பொய் இருக்காது.

எங்கள் கரண்ட் ஆபீஸில் ரப்பர் கையுறை ஒரு ஜோடி இருந்தது. கிழிந்துவிடும் என்று ஸ்டோர்காரர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். ஆயுத பூஜை அன்றுதான் வெளியே வரும். ஏணி, இடுப்பு பெல்ட், கட்டிங் பிளேயர் எல்லாவற்றோடும் அதற்கும் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, பூப் போடுவார்கள். ஒரு வருஷம் பூஜை நடக்கும்போதே ஏகாம்பரம் அதை எடுத்தார். மணிக்கட்டுப் பக்கமிருந்து சுருட்டி, காற்றை விரல்களுக்குள் அடைத்து, கன்னத்தோரம் வைத்து அமுக்கினார். ஓட்டை இருந்தால் காற்று கன்னத்தில் படும்.

"இன்னாபா, கையுறைக்கு முத்தம் குடுக்கிறியா?" என்றார் ஸ்டோர்காரர்.

"கட்டை விரல்ல ஊதுது சார். பூட்டி வச்சே பொடிஞ்சிக்கினு இருக்குது. இதை நம்பி ஒருத்தன் கை வச்சா இன்னா ஆவறது?"

அவர் கன்னமெல்லாம் குங்குமம். எல்லோரும் சிரித்தார்கள். புது ஜோடி கேட்டார், வரவில்லை. அடுத்த வருஷமும் அதே கையுறைக்குத்தான் பூ வைத்தார்கள்.

அவருக்குப் பயம் கரண்டிடம் மட்டுமல்ல. சாயப் பட்டறையில் கொதிக்கிற அண்டாவை ஈரக் கல்லின் மேல் நின்று கிளறுகிறவனைப் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார். ரைஸ் மில்லில் மூடியில்லாமல் ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு கூப்பிட்டாலும் வரமாட்டார்.

தேர்த் திருவிழா வந்தால் ராஜ வீதியின் குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றி, தேர் போனதும் திரும்பக் கட்ட வேண்டும். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி ஏகாம்பரம் தன் காக்கி டிரவுசர் பையில் போட்டுக்கொள்வார். கம்பத்தில் ஏறியவன் இறங்காமல் அவை பையை விட்டு வெளியே வராது. அதோடும் விடமாட்டார். தரையில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து, அதில் ஒரு முனையைக் கட்டிய சங்கிலியை, கரண்ட் இல்லாத கம்பிகளின் மேல் வீசிப் போடுவார். வேறு எங்கிருந்தாவது கரண்ட் வந்தால் ஆளை விட்டுவிட்டுச் சங்கிலி வழியாகத் தரைக்குப் போகட்டும் என்று.

"வேற எங்கேருந்துபா வரும்?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"தெரியாதுண்ணா. தெரியாததுக்குத்தான் பயம்."

அறுபதுகளில் ஒரு வருஷம், தேர் போன பிறகு கம்பி கட்ட நான் மேலே இருந்தேன். இருட்டத் தொடங்கியிருந்தது. கீழே உற்சவக் கமிட்டிக்காரர்கள் ஏகாம்பரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பொண்டாட்டிக்கு ஒரு சங்கிலி போடத் துப்பில்ல, கம்பிக்குப் போட்டுக்கினு நிக்கிறான்" என்றார் ஒருவர். சிரிப்பு.

கமிட்டிப் பெரியவர் கையை நீட்டினார். "பியூஸைக் குடுபா. தேர் முனையில நிக்குது. சாமி இருட்டுல இருக்குது."

ஏகாம்பரத்தின் குரல் நடுங்கியது மேலே இருந்த எனக்கே கேட்டது. "சாமி இருக்கட்டும்ங்க. மேல ஆள் இருக்குது."

அந்த நேரத்தில் தெருமுனையில் பந்தல் விளக்குக்காரர் டீசல் டைனமோவை ஓட்டினார். சாமிக்கு வெளிச்சம் வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். டைனமோவைப் பந்தல் ஒயரில் மாட்டினார். பந்தல் ஒயரோ தெருக் கம்பியிலிருந்து எடுத்தது. அதை முதலில் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கரண்ட் ஒயர் வழியாகத் திரும்பித் தெருக் கம்பிக்கு வந்தது. அந்தக் கம்பி என் கையில் இருந்தது.

டப்பென்று ஒரு நீல வெளிச்சம். சங்கிலி தொட்ட இடத்தில் நெருப்பு கொட்டியது. டைனமோ செருமி நின்றது. எனக்குக் கை இருக்கிறதா என்று பார்க்கத் தைரியம் வரவில்லை. பெல்ட்டில் தொங்கியபடி கம்பத்தைக் கட்டிக்கொண்டேன். பல் கிட்டிவிட்டது. வாணவேடிக்கை என்று நினைத்துக் கீழே கூட்டம் கை தட்டியது. ஏகாம்பரம் நடுத்தெருவில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். ஒரு கை மட்டும் பியூஸ் இருந்த பையை அமுக்கிக்கொண்டே இருந்தது.

டைனமோவைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. தேரை இருட்டில் நிறுத்தியதற்காக ஏகாம்பரத்தைத் தென்னேரிப் பக்கம் மாற்றினார்கள், ஏரிக்கரையில் ஒற்றை ஆளாக லைன் பார்க்க. நான் சாட்சி சொல்லப் போனேன். "நீதான் சாகலியேபா, அப்புறம் இன்னா?" என்று அனுப்பிவிட்டார்கள். அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

பிறகு ஒருமுறை அவரை அங்கே பார்த்தபோது கேட்டேன், இன்னும் பயமா என்று. "காலையில பயம் வரலன்னா அன்னிக்கு லீவு போட்டுடுவேன்ணா" என்றார். சிரிக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். பியூஸ் பிடுங்கிய கம்பியானாலும் முதலில் புறங்கையால்தான் தொட வேண்டும் என்பார். கரண்ட் இருந்தால் கை தானாக மடங்கி விலகிவிடும். உள்ளங்கையால் தொட்டால் பிடித்துக்கொள்ளும். இப்போது நான் வீட்டு இரும்புக் கதவைக்கூட அப்படித்தான் தொடுகிறேன். அவர் உடலுக்கு மாலை போடக் குனிந்தபோதும் என்னை அறியாமல் புறங்கைதான் முதலில் அவர் நெற்றியில் பட்டது. சில்லென்று இருந்தது. அதன் பிறகுதான் உள்ளங்கையை வைத்தேன்.