ஐம்பது பேருக்கு மேல் காசு

மொய்னுதீனுக்கு வாட்ஸப் ஒத்துக்கொள்வதில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் கடலோர ஊரில் மைக் செட் வாடகைக்கு விடும் அவரை மூன்று குழுக்களின் அட்மின்கள் வெளியேற்றியிருக்கிறார்கள். மூன்றிலும் ஒரே காரணம்: அதிகம் பேசுகிறார். தொழில் அப்படி. அதனால் ஒன்பது வருடமாக, வியாழன்தோறும் ஊர்ச் செய்தியை எழுதி மின்னஞ்சலில் அனுப்புகிறார். சிற்பப் பட்டறைக்காரர்கள், சிறுசேரியில் வேலைக்குப் போகிறவர்கள், துபாயில் இருந்துகொண்டு இங்கே மனை வாங்கிப் போட்டவர்கள் என்று ஆயிரத்து நூற்று நாற்பது பேர். மின்னஞ்சலில் யாரையும் யாரும் வெளியே தள்ள முடியாது என்பது அவர் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்கு இந்த வருடம் விலை போட்டார்கள். அவர் பயன்படுத்தும் சேவையில் ஒரே நாளில் ஐம்பது பேருக்கு மேல் அனுப்பினால், கடிதம் ஒன்றுக்கு நாற்பது பைசா. கட்டினால் பச்சைக் குறியோடு முதல் வரிசை. கட்டாவிட்டால் ஸ்பேம், லாட்டரி விழுந்த செய்திகளுக்கு நடுவே.

அதுவும் நேரம் பார்த்து வந்தது. ஊரிலிருந்து கடற்கரைக்குப் போகும் பாதையை மூடித் தன் தோட்டத்தோடு சேர்த்துக்கொள்ள ஒரு விடுதி விண்ணப்பித்திருந்தது. மீன்வண்டி போகிற பாதை. மூடினால் ஒன்றரை கிலோமீட்டர் சுற்று. சனிக்கிழமை காலை கருத்துக் கேட்புக் கூட்டம். ஆள் வராவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று எழுதிவிடுவார்கள். விடுதியின் கடிதம் வண்ணப் படங்களோடு, பச்சைக் குறியோடு ஊருக்கே போய்விட்டது. மொய்னுதீனுக்கும் வந்திருந்தது. காசு கட்டாத அவருடைய கடிதங்களோ ஸ்பேமில் கிடந்தன.

அவர் மகள் ஃபைஸா, கம்பெனிகளுக்காக மொத்தமாக மின்னஞ்சல் அனுப்பும் சிறுசேரி அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறாள். கட்டணம் சரி என்பது அவள் கட்சி. தனக்கு ஒரு நாளில் வரும் தொண்ணூறு கடிதங்களில் எண்பத்து நாலு, கடன் தருகிறேன் என்பவை. அத்தாவின் கடிதத்தை அமுக்கியது காசு அல்ல, ஓசியில் அனுப்புகிற கூட்டம் என்றாள். வாரத்துக்கு நானூற்று ஐம்பத்தாறு ரூபாய்தானே, நானே கட்டுகிறேன் என்றும் சொன்னாள்.

"பேசறதுக்கு டப்பு வாங்கறது தப்புன்னா, முப்பது வருஷமா மைக்குக்கு வாடகை வாங்கறது யாரு அத்தா?"

"மௌத்து, சாவு சேதிக்கும் காணாம போன புள்ளைக்கும் நான் வாங்கனதில்ல," என்றார் மொய்னுதீன். "இந்த மெயில்காரனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? கடன் குடுக்கறவனும் ஒண்ணு, பாதை போவுதுன்னு கத்தறவனும் ஒண்ணு."

அந்த வீட்டின் தொல்லையே இரண்டு பேரும் சரியாகப் பேசுவதுதான். வழி கிடைத்ததும் ஃபைஸாவிடமிருந்துதான். ஐம்பது பேர் வரைக்கும் காசில்லை என்று விதியைப் படித்துக் காட்டினாள். அவர் கணக்குப் போட்டார். தன்னையும் சேர்த்து இருபத்து மூன்று பேர் ஆளுக்கு ஐம்பது அனுப்பினால் முடிந்தது. நம்பகமான இருபத்திரண்டு பேருக்குக் கடிதத்தை அனுப்பி, ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று மேலே எழுதினார்.

மாற்றினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் தன் கடிதமே பல உருவத்தில் அவரிடம் சுற்றி வந்தது. ஒன்றின் அடியில் ஐஸ் பெட்டி விற்பனைக்கு என்றிருந்தது. சிற்பப் பட்டறை வைத்திருக்கும் அவருடைய நண்பர் திருவேங்கடம் அனுப்பியதில், விடுதியைக் கிண்டல் செய்த பத்தியையே காணோம். எழுதியதிலேயே அவருக்குப் பிடித்த பத்தி அது. போன் போட்டு, யாரைக் கேட்டு வெட்டினாய் என்றார்.

"விடுதிக்காரன் எனக்கு ரெண்டு யாளி ஆர்டர் குடுத்துகீறான் மச்சான். அவன மூக்கறுக்கறத என் பேர்ல நான் இன்னாத்துக்கு அனுப்பணும்?" என்றார் திருவேங்கடம். "உனக்குப் பேச உரிமை கீதுன்னா, எனக்குப் பேசாம இருக்க உரிமை இல்லியா?"

மொய்னுதீன் போனை வைத்துவிட்டு, வெட்டிய கடிதத்தை இன்னொரு முறை படித்தார்.

சனிக்கிழமை நாற்காலி போதவில்லை. பச்சைக் குறிக் கடிதத்தைத் திறக்காதவர்கள்கூட, தெரிந்தவன் பெயரில் வந்ததைத் திறந்து படித்திருந்தார்கள். ஐஸ் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்க வந்தவர்களும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பதினோராவது ஆளாக எழுந்தது திருவேங்கடம். விடுதி மேலாளரைப் பார்த்தே பேசினார்.

"யாளிய உங்க வாசல்ல வெச்சுக்கோங்க சார், நல்லாவே செஞ்சு தரேன். பாதையில வெக்காதீங்க. மீன்வண்டி அதத் தாண்டாது."

மேலாளரே சிரித்துவிட்டார். கூட்டத்தை நடத்திய அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை விடுதி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

கூட்டத்துக்கு மைக் செட் மொய்னுதீனுடையது. கூட்டச் செலவு விண்ணப்பித்தவர் தலையில் என்பதால், விடுதியிடமிருந்து முழு வாடகையும் சனிக்கிழமையே வந்து சேர்ந்திருந்தது. ஃபைஸா ரசீதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"வசதி இருக்கறவன் டப்பு கட்டினான், மத்தவங்க காசில்லாம பேசினாங்க. நானும் இதத்தான அத்தா சொன்னேன்?"

அவர் யோசித்துவிட்டு, அதை அப்படியே வியாழக்கிழமைக் கடிதத்துக்கு எழுதித் தரச் சொன்னார். வெட்ட மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்கவில்லை.