பேரம் பேசாமல் கேட்கும் படிப்பு

கவுன்சலிங் என்பது எதிரில் உட்கார்ந்திருப்பவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தொழில். இதற்கு ஐந்து வருஷம் படிக்க வேண்டும் என்று யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால், அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆவடியில் பழைய வீட்டுச் சாமான் வாங்கி விற்கும் கடை எனக்கு. பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின். அம்பத்தூர், வானகரம் பக்கத்து அடுக்குமாடிகளில் வீட்டைக் காலி செய்பவர்கள் கூப்பிடுவார்கள். விலை படிந்ததும் ஏன் விற்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். வேலை போய்விட்டது, புருஷன் பெண்டாட்டி பிரிந்துவிட்டார்கள், ஆசையாக வாங்கிய தொட்டிலுக்குப் பிள்ளை வரவில்லை. பீரோவைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள் உண்டு. என்ன சொல்வதென்று தெரியாமல், “சரி, ஏத்துப்பா” என்று லோடு ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ராத்திரி சாப்பாடு இறங்காது. அந்த எரிச்சலில்தான் நாற்பத்திரண்டு வயதில் இந்தப் படிப்பில் கால் வைத்தேன். நடுவயதில் இதே சேற்றில் இறங்கி முழித்துக்கொண்டிருக்கும் என் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இது.

இரண்டு நாள் நிபுணர்

அம்பத்தூரில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் போர்டு பார்த்தேன். சனிக்கிழமை காலையில் சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனநல ஆலோசகர். சட்டைக்கு மேல் கோட்டு மாட்டிய ஒருவர் கட்டணம் சொன்னார். வழக்கம்போல் பாதிக்குக் கேட்டேன். “சரிங்க மேடம்” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷமாக வாங்கி விற்கிறேன். கேட்டவுடனே பாதிக்கு இறங்குகிறவரிடம் இருப்பது கம்ப்ரஸர் போன ஃப்ரிட்ஜ் என்று எனக்குத் தெரியாதா?

“ரெண்டு நாள் படிச்சிட்டு உக்காருறேன். நெஜமாவே மனசு ஒடஞ்ச ஒருத்தர் வந்து எதிர்ல உக்காந்தா என்ன பண்றது?” என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

“அதெல்லாம் போகப் போகப் பழகிடும் மேடம். நீங்க இன்னொரு ஆளைக் கூட்டிட்டு வாங்க, ஹிப்னாட்டிசம் சர்டிபிகேட் ஃப்ரீயா போட்டுத் தரேன்.”

நீளமான வழி

கோபத்தோடு ஒரு கல்லூரிக்கே போய் விசாரித்தேன். அங்கே கிடைத்தது அடுத்த அதிர்ச்சி. மாத்திரை எழுதுகிற மனநல மருத்துவர், முதலில் டாக்டருக்குப் படித்தவர். நோயைச் சோதித்துக் கண்டறிகிற உளவியலாளருக்குத் தனி மேற்படிப்பு, தனிப் பதிவு. கவுன்சலருக்கு உளவியலில் பட்டம், அதற்கு மேல் முதுகலை, அதற்கு நடுவில் ஒரு மேற்பார்வையாளரின் கண் முன்னால் பயிற்சி. மூன்று பேரும் ஒரே ஆள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பன்னிரண்டாவதோடு நின்றவள் நான். பி.ஏ., பிறகு எம்.ஏ. நான் சேர்ந்த காலத்தில் தபாலில் படித்து, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனால் போதும். இப்போது விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பணம் கட்டுவதற்கு முன்னால் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் டீயைக் கீழே வைத்தார்.

“இன்னாமே, உன்னாண்ட வாயைத் தொறக்கவே ஏரியாவே பயந்துகினு கீது. இதுல மனசத் தொறந்து பேச எவன் வருவான்?”

இன்ஸ்பெக்டரின் பரிவு

எம்.ஏ. வகுப்பில் ஒருவர் கவுன்சலராகவும் ஒருவர் வந்தவராகவும் உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். அருமையான மனிதர், ஒவ்வொரு வகுப்புக்கும் எனக்கும் சேர்த்துச் சுண்டல் வாங்கி வருவார். முதல் பயிற்சியில் அவர் கவுன்சலர். நான் மாமியாரோடு ஒத்துப்போகாத மருமகள். உட்கார்ந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். மூக்குக்கு மூக்கு இடிக்கிற தூரம். செய்யாத குற்றமெல்லாம் ஞாபகம் வந்தது.

அறிவுரை சொல்லக் கூடாது, அவர்களாகவே பேசுகிற மாதிரி இடம் கொடுக்க வேண்டும் என்று பாடம் நடத்தியிருந்தார்கள். அவரும் அதை அப்படியே செய்யத்தான் பார்த்தார், பாவம். குரலை முடிந்தவரை இளக்கிக்கொண்டு சொன்னார்:

“பயப்படாதம்மா. மனசுல கஷ்டம் இருக்குன்னு நீயா ஒத்துக்கிட்டா உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

என் முறை

கவுன்சலர் ஆகப்போகிறவரும் இன்னொரு கவுன்சலரிடம் போய் உட்கார வேண்டும் என்றார்கள். இதைக் கேட்டு நான் கொதித்துவிட்டேன். எனக்கு என்ன வியாதி, நான் எதற்குக் காசு கொடுத்து என் கதையைச் சொல்ல வேண்டும்? போகாவிட்டால் பயிற்சிக்கு அனுப்ப மாட்டார்கள் என்பதால் பூந்தமல்லியில் ஒரு பெண்ணிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும். “கோபம் வந்தா உங்க உடம்புல எந்த இடத்துல தெரியும்?” என்று கேட்டாள். “எதிர்ல நிக்கிறவன் உடம்புல தெரியும்” என்றேன். அவள் சிரிக்காமல் காத்திருந்தாள். என்ன ஆயிற்றோ, அப்பா என் பள்ளிக்கூடப் பையை எடைக்குப் போட்ட நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, “அதெல்லாம் பழைய கதை, ஒண்ணும் இல்ல” என்று எழுந்துவிட்டேன்.

கிளம்பும்போது கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொன்னேன். பழக்கம், விடுமா? அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள்:

“கொறைச்சுக்கறேன்க்கா. ஆனா இப்ப நீங்க எதைக் கொறைச்சிட்டுச் சொன்னீங்கன்னு அடுத்த வாரம் வந்து சொல்லணும்.”

அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

முதல் வெற்றி

பயிற்சிக்காக என்னைச் சேக்காட்டில் ஓர் இலவச ஆலோசனை அறையில் போட்டார்கள். எனக்கு முதலில் வந்தவர் தேனிப் பக்கத்துப் பையன். வானகரத்தில் நண்பர்களோடு தங்கி ஐ.டி.யில் வேலை. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக் கூடாதென்று ஊரையும் வேலையையும் மாற்றியிருக்கிறேன்.

குறுக்கே பேசாதே, மௌனமாக இரு என்பது பாடம். மௌனமா, எனக்கா சொல்லித்தர வேண்டும்? கடையில் ஒருவர் விலை சொன்னால் நான் பதில் பேச மாட்டேன். உதட்டை லேசாகப் பிதுக்கிக்கொண்டு சாமானையும் அவரையும் மாறி மாறிப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் அவரே இறங்கி வருவார். அன்றைக்கும் அந்த முகம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

“நைட்டு தூக்கமே வரல மேடம்” என்றார். பார்த்தேன். “அதாவது, வாரத்துல நாலஞ்சு நாள்.” பார்த்தேன். “ரெண்டு நாள்னு வச்சுக்கங்களேன்.” காலையில் ஆபீசுக்கு என்று கிளம்பி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். அதற்கும் பார்த்தேன். “எப்பயாச்சும்தான்” என்றார். கடைசியில் அவரே சிரித்து, “நெனச்சுப் பாத்தா பெருசா ஒண்ணும் இல்லங்க, எல்லாருக்கும் இருக்கறதுதான்” என்று கைகூப்பிவிட்டுப் போனார்.

ஒரே சந்திப்பில் குணம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் சம்மதித்து எடுத்த ஒலிப்பதிவை அன்று சாயங்காலமே என் மேற்பார்வையாளர் வசந்தா மேடத்திடம் போட்டுக் காட்டினேன். ஏரிக்கரை வந்த இடத்தில் சட்டென்று நிறுத்தினார். “இந்த எடத்துல உங்க முகம் எப்படி இருந்துச்சு? காட்டுங்க.” காட்டினேன். அவர் முகம் வெளுத்தது. உடனே பையனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான், அவர் ஏரிக்கரைக்கு எதற்குப் போயிருக்கலாம் என்பது எனக்குப் புரிந்தது. மூன்றாவது தடவை எடுத்து, “நல்லாத்தான் இருக்கேன் மேடம்” என்றார். நண்பர்கள் கூட இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டு, மேடம் மறுநாள் மதியமே வரச் சொன்னார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க அந்தப் பையனைக் குணப்படுத்தல செல்வி. அடிச்சுப் பேசி எறக்கி அனுப்பியிருக்கீங்க.”

தலையாட்டி வந்த நஷ்டம்

பயிற்சி முடிந்ததற்கு மேடம் கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா என்பதெல்லாம் அன்றைக்கு எனக்குப் பொருட்டாக இல்லை. அந்தப் பையன் வர வேண்டும். வந்தால் இந்த முகம் வரக் கூடாது. மறுநாள் காலை கடையில் விற்பனைக்கு நின்ற டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியைப் பார்த்து, உதட்டைப் பிதுக்காமல் தலையாட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து லோடு ஆட்டோ குமார் ஒரு வாஷிங் மெஷினோடு வந்தான். பத்து வருஷமாக என்னோடு பேரம் பேசி நொந்தவன். விலை சொன்னான். நான் அவன் கண்ணைப் பார்த்து, மெதுவாகத் தலையாட்டி, “ம்... சொல்லு” என்றேன். அவன் மிரண்டு போய் இன்னும் கொஞ்சம் ஏற்றிச் சொன்னான். அதற்கும் தலையாட்டினேன். காசையும் கொடுத்துவிட்டேன்.

காசை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றான். கல்லாவில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தான். அப்புறம் தணிந்த குரலில் கேட்டான்:

“இன்னாக்கா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா? கேட்ட துட்ட அப்டியே குட்த்துட்ட. ஆஸ்பத்திரி போலாம்னா வா, ஆட்டோ காலியாத்தான் கீது.”

ஏரிக்கரை

சொன்ன நேரத்துக்குப் பையன் வரவில்லை. மேடம் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் வாசலுக்கும் நாற்காலிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் வந்தார். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. “நேத்தே சொன்னேனே மேடம், பெருசா ஒண்ணும் இல்ல” என்று ஆரம்பித்தார்.

“நேத்து நீங்க மொதல்ல ஒண்ணு சொன்னீங்க. நான் பாத்த பார்வையில அதைக் கொறைச்சுக்கிட்டே வந்துட்டீங்க. தப்பு என் மேல. அந்த மொதல்ல சொன்னதுலேர்ந்து சொல்லுங்க” என்றேன். நெடுநேரம் அட்டையையே திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அவருக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. ஊரில் யாருக்கும் தெரியாது, அறை நண்பர்களுக்கும் தெரியாது. தினமும் அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பி, ஏரிக்கரையில் இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார். எப்பயாச்சும் இல்லை, தினமும்.

சாவைப் பற்றி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்று நாம் எல்லாருமே பயப்படுகிறோம். அது தவறு, நேராகத்தான் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருந்தார்கள். எனக்கும் அந்தப் பயம்தான். இருந்தாலும் கேட்டேன்: “அங்க உக்காந்திருக்கும்போது செத்துடலாம்னு தோணுதா?” அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். அதில் எதையோ தேடினார். இந்தத் தடவை நான் உதட்டைப் பிதுக்கவில்லை.

“நேத்து நீங்க கேட்டிருந்தா இல்லன்னு சொல்லியிருப்பேன் மேடம். தோணுது. தெனமும் தோணுது.”

கடைசிச் சந்திப்பு

அதற்குப் பிறகு நடந்ததில் என் பங்கு கொஞ்சம்தான். அவர் சம்மதத்தோடு மேடம் அங்கேயிருந்தே அவர் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் வந்து சேரும்வரை அவரைத் தனியாக விடவில்லை. மனநல மருத்துவரிடம் நாங்களே கூட்டிக்கொண்டு போனோம். இதற்குத்தான் மருத்துவர், உளவியலாளர், கவுன்சலர் மூன்று பேரும் வேறு வேறு ஆள் என்று படிக்க வைத்திருக்கிறார்கள் என்பது அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் எனக்கு உறைத்தது. சில மாதம் மாத்திரை, வாராவாரம் என் எதிரே அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். நடுவில் மறுபடி ஒரு வேலை கிடைத்தது, சின்ன வேலைதான்.

கடைசியாக வந்த அன்று, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவரும் அவசரப்படவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நெசமாவே கொறைஞ்சிருக்கு மேடம். நீங்க பாக்கறதுக்காகக் கொறைச்சுச் சொல்லல.”

ஐந்து வருஷம் படித்து நான் கண்டது இவ்வளவுதான்: ஆவடிக் கடையில் இன்றைக்கும் சொன்ன விலையில் பாதிக்குத்தான் கேட்கிறேன், சேக்காட்டு அறையில் மட்டும் யார் எவ்வளவு சொன்னாலும் பேரம் பேசாமல் முழுசாக வாங்கிக்கொள்கிறேன்.