புல்வெளி வீட்டில் ஜெபக்கூட்டம்

கூடுவாஞ்சேரிக்கு மேற்கே அந்த லேஅவுட்டில் மனை வாங்கியவர்கள் பலர். வீடு கட்டிக் குடியேறியவர் ரத்தினபாய் டீச்சர் ஒருவர்தான். மற்றவர்கள் விலை ஏறட்டும் என்று எல்லைக்கல்லை நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கல்லை மறைத்துப் புல் வளர்ந்தது. ஐப்பசியில் இடுப்பளவு நிற்கும், சித்திரையில் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும். கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் காற்றும்தான்.

தாம்பரத்தில் பள்ளி மணியோடும் பிள்ளைகளின் கூச்சலோடும் ஆயுசைக் கழித்தவருக்கு, ரிடையராகி, கணவரும் போன பிறகு, இந்த அமைதி முதலில் சுகமாக இருந்தது. பிறகு பேஜாராகிவிட்டது. அமைதியைப் புகழ்கிறவர்கள் ஒரு வாரம் அதில் தனியாகக் கிடந்து பார்க்கவேண்டும். ஆள்குரல் கேட்பதற்காகவே டீச்சர் நாள் முழுக்க டிவியை ஓடவிட்டார்.

அப்போதுதான் ஆடு மேய்க்க வந்த முனியம்மா கேட்டருகே நின்று தண்ணீர் கேட்டாள். தண்ணீர் காபியாயிற்று. பிறகு வராந்தாவில் இரண்டு நாற்காலி. டீச்சர் டெங்குவில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்து, அதே அறையில் பாய் போட்டுப் படுத்தவள் முனியம்மாதான்.

டீச்சர் போகும் சர்ச் சபையின் வீட்டு ஜெபக்கூட்டம் மாதம் ஒரு வீடாக முறைவைத்து வரும். அந்த மாதம் டீச்சர் வீடு. "நீயும் வந்துடு, முனியம்மா" என்று அவர்தான் கூப்பிட்டார். முனியம்மா தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்த புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, ஹாலில் ஓரமாக உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்ததும் சாட்சி. வீட்டுக்காரர் எழுந்து கடவுள் செய்த நன்மையைச் சொல்லவேண்டும். டீச்சர் நன்றாகச் சாட்சி சொல்வார் என்று சபையில் ஒரு பெயர். அந்தப் பெயர்தான் அவரைக் கெடுத்தது.

"இந்த வனாந்தரத்துல எனக்கு மனுஷத் துணையே கிடையாது. டெங்குல கிடந்தப்போ ஒரு வாய் தண்ணி கொடுக்க ஆளில்ல. என் ஆண்டவர் ஒருத்தர்தான் பக்கத்துல இருந்தார்" என்றார். குரல் தழுதழுத்தது. எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் முனியம்மாவின் முகம் டீச்சர் கண்ணில் பட்டது.

"அது யாரு டீச்சர், புதுசா இருக்காங்க?" என்று பாஸ்டரம்மா கேட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் சாட்சி என்னாவது?

"வேலைக்கு வர்றவங்க" என்றார் டீச்சர்.

முனியம்மா எழுந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கேசரியும் வடையும் அவள்தான் பரிமாறினாள். தட்டுகளையும் அவளே கழுவினாள்.

"எங்க வீட்டுக்கும் வர்றியாம்மா? நல்ல ஆளே கிடைக்கறதில்ல" என்றார் பாஸ்டரம்மா.

"இல்லம்மா, ஆடு கீது. இவங்க வூட்டோட சரி" என்றாள் முனியம்மா.

எல்லாரும் கிளம்பிப் போனதும் டீச்சருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. போனைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"தப்பு பண்ணிட்டேன், முனியம்மா. இப்பவே பாஸ்டரம்மாவுக்கு போன் பண்ணி நிஜத்தைச் சொல்லிடறேன்."

முனியம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "வாணாங்க்கா. சாமி பேரச் சொல்லி அழுதுகினு சொன்ன. இப்போ மாத்திச் சொன்னா உன்னத்தான் கேவலமா பேசுவாங்க. வுடு."

டீச்சர் போனை மேடையில் வைத்தார். வைத்ததும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. நடந்த எல்லாவற்றையும்விட அந்த நிம்மதிதான் அவருக்கு வெட்கமாக இருந்தது.