பெகி என்றால் முத்து

முத்து, இன்று காலையும் கீழே ஃபேக்டரி வேன் வந்து நின்றது. டிரைவர் பழக்கத்தில் "பெகி! பெகி!" என்று கூப்பிட்டுவிட்டு, நினைவு வந்தவராய் ஹாரனிலிருந்து கையை எடுத்தார். நான் மேலே வாசல் கிரில் கதவின் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பூட்டின் சாவி உன் அம்மாவின் இடுப்பில் இருந்தது.

ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல் கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கும் சொல்கிறேன். முத்துலட்சுமி என் நாத்தனார். நான் அறந்தாங்கிப் பக்கம், ஒன்பதாவதோடு நின்றவள். கல்யாணமாகி மலேசியாவில், மலாக்காவில் பத்து பெரண்டாம் என்கிற இடத்துக்கு, இந்த மூன்றாவது மாடி வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலையிலேயே இந்தக் கூப்பாடு. மலாயில் பெகி என்றால் போ என்று அத்தை, அதாவது முத்துவின் அம்மா, முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார். எங்கள் ஊரில் வெளியே கிளம்புகிறவளிடம் போ என்று சொல்லமாட்டோம், போயிட்டு வா என்போம். இங்கே ஒரு ஆள் விடிந்ததும் போ போ என்று விரட்டுகிறாரே என்று பதறிவிட்டேன்.

"ஐயோ அண்ணி, அது ஃபேக்டரில எனக்கு வச்ச பேருலா," என்று முத்து சிரித்தாள். "உனக்கும் வேலை பெர்மிட் கிடைக்கட்டும், ஒரு பேர் வச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அவளோடுதான் காய்கறி மீன் வாங்கப் பசார் போனேன், பஸ் ஏறினேன். வீட்டுக்காரருக்குச் சுங்கை ஊடாங்கில் ஷிஃப்ட் வேலை, தூங்கத்தான் வருவார். போன வாரம் டெங்கிக் காய்ச்சல் முத்துவைக் கொண்டுபோய்விட்டது.

"போ போன்னு அத்தன பேரும் கூப்பிட்டாங்க, போயிட்டா. இனிமே இந்த வீட்ல யாரும் வெளிய போவ வேணாம்," என்றார் அத்தை. கருமாதிக்கு ஃபேக்டரிக் கூட்டாளிகள் வரக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். கிரிலுக்குப் பூட்டு வந்தது அப்போதுதான்.

நேற்று அவளுடைய சூப்பர்வைசர் வந்தார். போர்த்துகீசு வம்சத்துப் பெண்மணி. அத்தை உட்காரக்கூடச் சொல்லாமல், ஏன் என் பெண்ணுக்குப் போ என்று பேர் வைத்தாய் என்று மலாயில் கேட்டார். அந்தம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மலாயிலேயே மெதுவாகச் சொன்னார், அத்தை அப்புறம் எனக்கு விளக்கினார். அது மலாய் இல்லையாம், இங்கிலீஷ் செல்லப்பேராம். மார்கரெட்டைச் சுருக்கி மெகி என்பார்களாம், மெகி வாயில் புரண்டு பெகி ஆனதாம். மார்கரெட் என்றால் முத்து. வேலைக்குச் சேர்ந்த அன்று உன் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு, இவள் முத்தியாரா என்றாளாம். மலாயில் முத்துக்கு அதுதான் சொல். அந்தம்மாவின் அம்மா பேர் மார்கரெட். வீட்டில் அவரைப் பெகி என்றுதான் கூப்பிடுவார்களாம். அந்தப் பேரைத்தான் இவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

"அப்ப என் முத்த, முத்துன்னுதான் கூப்பிட்டீங்களா," என்றார் அத்தை, தமிழில். அது புரியாமல், போகச் சொல்கிறார் என்று நினைத்து அந்தம்மா செருப்பை மாட்டப் போனார். அத்தை ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "கோப்பி கலக்கும்மா," என்றார்.

கூட்டாளிகள் கருமாதிக்கு வருகிறார்கள். சாவி மட்டும் இன்னும் அத்தை இடுப்பில்தான். பெற்றதைப் பறிகொடுத்தவரிடம் எப்படிக் கேட்பது? ஊருக்கும் போக முடியாது, கீழேயும் இறங்க முடியாது. காலையில் வேன் கிளம்பும்போது கம்பிக்கு உள்ளேயிருந்து "போயிட்டு வா" என்று சொல்லிக்கொள்கிறேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன அவசரத்தில் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

முத்து என்றோ பெகி என்றோ, உங்கள் வாயில் வருகிற பேரைச் சொல்லி அவளுக்காகச் சாமி கும்பிடுங்கள்.