ரூபா போ

என் மாமாவுக்குத் தெரியாத சொல் உலகத்தில் கிடையாது. தெரியாவிட்டாலும் நின்ற இடத்திலேயே ஓர் அர்த்தம் தயார் செய்து கொடுத்துவிடுவார். அம்மாவின் தம்பி. ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்பா வெல்டிங் பிரிவில் இருந்தார். மாமா அங்கேயே கான்ட்ராக்ட் ஆள். எங்கள் லைன் வீட்டில் இருந்த ஒரே கட்டிலைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லித் தராததையெல்லாம் அவர் எனக்குச் சொல்லித் தந்தார். வேற்றுக் கிரகத்து ஆளுக்கு ஏலியன் என்று ஏன் பெயர்? எலி மாதிரி மூஞ்சி இருப்பதால். ஏழாம் வகுப்பு வரைக்கும் அதை நம்பினேன்.

அந்த வருஷம் வெல்டிங் பிரிவுக்கு ஒரு ரோபோ வந்தது. ஒற்றைக் கை, ஆரஞ்சு நிறம், ஆள் உயரத்துக்கும் மேலே. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளைப் பற்றிப் பேசுவது போல, மரியாதையும் சந்தேகமுமாக அப்பா அதைப் பற்றிப் பேசினார். ஆயுத பூஜைக்கு எல்லோரையும் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி உண்டு. தலைப்பு, ரோபோ.

மாமா உடனே எழுந்து உட்கார்ந்தார். "ரோபோன்னா என்னா தெரியுமா? மொதலாளி சம்பளம் குடுக்க வந்தாராம். அது, 'ரூபா வேணாம், போ'ன்னு சொல்லிடுச்சாம். ரூபா போ. அதான் ரோபோ."

அதையே முதல் பத்தியாக எழுதி மறுநாள் இங்கிலீஷ் டீச்சரிடம் காட்டினேன். டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை உட்கார வைத்து உண்மையைச் சொன்னார். நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒருவர் நாடகம் எழுதினாராம். அதில் வேலை செய்வதற்கென்றே ஆலையில் மனிதர்களை உண்டாக்குகிறார்கள். அவர்களுக்கு வைத்த பெயர்தான் ரோபோட். செக் மொழியில் இருக்கும் 'ரொபோட்டா' என்ற சொல்லிலிருந்து வந்தது. வகுப்பே "புரோட்டா!" என்று கத்தியது. டீச்சர் அடக்கிவிட்டு, பண்ணைக்காரருக்குக் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்து கொடுக்க வேண்டிய வேலைக்குத்தான் அந்த ஊரில் ரொபோட்டா என்று பெயர் என்றார். அதற்குத் தமிழில் ஒரே சொல் கண்டுபிடித்து வந்தால் பேச்சு நன்றாக இருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குப் போனதும் மாமாவோடு சண்டை. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "கூலி வாங்காத வேலையா? அதத்தானே நானும் சொன்னேன்!" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார்.

களி கிண்டிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள். "பிட்டி சாக்ரி" என்றாள்.

அம்மா ஜவளகிரிப் பக்கத்துக்காரி. கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் கன்னடம்தான் வரும். இது எது என்று எனக்குத் தெரியவில்லை. என் வயதில் தினமும் ஒரு பெரிய வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டி, சாணி வாரி, தண்ணீர் சேந்தி ஊற்றினாளாம். கூலி கிடையாது. "எங்கப்பன் அங்க ஆளு. அதனால நாங்களும் ஆளு." ரேஷன் கடை எப்போது திறக்கும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். உறை மோர் வாங்க வந்த பக்கத்து வீட்டு அக்கா தெலுங்குக்காரர். அவர், "எங்களுதுல வெட்டி சாக்கிரிம்பாங்க" என்றார். தமிழிலும் வெட்டிதான் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் சரி.

பூஜையன்று எல்லா இயந்திரத்துக்கும் மாலை. ரோபோவுக்குச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்கள். மேடையேறி, கணீரென்று ஆரம்பித்தேன். "ரோபோ என்றால் வெட்டி வேலை செய்பவர் என்று பொருள்!"

ஹாலே வெடித்துச் சிரித்தது. "அப்ப எங்க சூப்பர்வைசரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சூப்பர்வைசரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அடுத்த வரி மறந்துபோனது. முதல் வரிசையில் மாமா சத்தமில்லாமல் 'ரூபா போ, ரூபா போ' என்று வாயசைத்து உதவி செய்துகொண்டிருந்தார். இறங்கி ஓடிவிடலாம் என்று படியைப் பார்த்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்தில் அம்மா எழுந்து நின்றாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயே திறக்காத அம்மா.

"சிரிக்காதீங்க. வெட்டின்னா சும்மா உக்காந்திருக்கறது இல்லீங்க. கூலி இல்லாம மாடு மாதிரி வேல செய்யறது. நான் செஞ்சிருக்கேன். நீ சொல்லு கண்ணு."

சிரிப்பு நின்றது. அப்பா தலையைக் குனிந்துகொள்வார் என்று பயந்தேன். அவர் என்னைப் பார்த்து, ஆகட்டும் என்பதுபோலத் தலையாட்டினார். மறந்த வரி வந்துவிட்டது. ரொபோட்டா, பிட்டி, வெட்டி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி, புரோட்டாவையும் சேர்த்துக்கொண்டேன். இரண்டாம் பரிசாக டிபன் கேரியர் கொடுத்தார்கள். முதல் பரிசு, ஒரு வார்த்தையும் பேசாமல் ரோபோ மாதிரி நடந்து காட்டிய பையனுக்கு.

பொரி கடலைப் பொட்டலம் கொடுத்ததும் அம்மா நேராக ரோபோவிடம் போனாள். தன் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு கை நிறைய அள்ளி அதன் காலடியில் வைத்தாள். அப்பாவுக்குக் கூச்சம். "அது சாப்பிடாதும்மா" என்றார்.

"சாப்பிடலன்னா போவுது. நாம குடுத்தமான்னு இருக்கணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கம்பெனியில் யாருமில்லை, எங்களோடு வேடிக்கை பார்க்க வந்தவர். அவரும் ஒரு பிடி வைத்தார். பிறகு ஒவ்வொருவராக வந்து வைக்க, ரோபோவின் காலடியில் முழங்கால் உயரத்துக்குப் பொரி குவிந்துவிட்டது. மாமா அதற்குக் கும்பிடு போட்டுவிட்டு, அந்தக் குவியலிலிருந்து கடலையாகப் பொறுக்கித் தின்றார்.

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது டிபன் கேரியர் அம்மாவின் மடியில் இருந்தது. திடீரென்று என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பேரு வெச்ச ஊர்லயும் பெரிய வூடு இருந்திருக்குமா? எங்கள மாதிரி ஆளுங்க இருந்திருப்பாங்களா?"

"இருந்திருப்பாங்கம்மா. ஆனா வெள்ளக்காரங்க."

"வெள்ளக்காரங்களா!" அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவிடம் திரும்பி ஒரு தடவை சொன்னாள். முன் சீட்டில் இருந்த மாமாவின் முதுகைத் தட்டி அவரிடமும் சொன்னாள். கன்னடத்தில் தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். வீடு வரும்வரை அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு போகவே இல்லை. இரண்டாம் பரிசுக்கே இவ்வளவு சந்தோஷம் என்றால், முதல் பரிசு வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பாளோ என்று நினைத்தபடி நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.