காதுக்கு ஒரு மிஷின், மிஷினுக்கு ஒரு பில்

காது மிஷின் விற்பவனுக்குக் காதைப் பற்றிப் பாதி தெரிந்தால் போதும். மெடிக்கல் பில்லைப் பற்றி முழுதும் தெரிய வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவில் ரத வீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தேன். கண்ணாடியோடு காது மிஷினும் விற்றேன். சட்டைப்பையில் பெட்டியை வைத்து, ஒயரைக் காதில் மாட்டிக்கொள்ளும் மிஷின். கைக்காசு போட்டு வாங்குகிறவர்கள் குறைவு. ஆபீஸ் தரும், மில் தரும், பி.எஃப். சேமிப்பிலிருந்து எடுக்கலாம் என்றுதான் வருவார்கள். அதனால் மனு எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு. ஒரு தடவையாவது மெடிக்கல் பில் போட்டு அலைந்தவர்கள் மேலே படியுங்கள்; மற்றவர்களுக்கு இதெல்லாம் கட்டுக்கதை மாதிரி இருக்கும்.

கொஞ்சம் மந்தம்

முதல் மனுவைத் தாலுகா ஆபீஸ் கிளார்க் சுப்பையாவுக்கு எழுதினேன். உள்ளதை உள்ளபடி, 'வலது காது கொஞ்சம் மந்தம்' என்று போட்டேன். மூன்று மாதம் கழித்து மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. 'கொஞ்சம் மந்தம் என்றால் அருகில் இருப்பவர்கள் கொஞ்சம் உரக்கப் பேசலாமே' என்று ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு.

சுப்பையா காகிதத்தை என் மேஜையில் போட்டார். சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், எனக்குப் பாடம் எடுத்தார். "என்ன வே இப்படி எழுதியிருக்கேரு? காத்துல ரெண்டு ஓடு பறந்தாலும் வீடே போச்சுன்னு எழுதினாத்தான் நிவாரணம் வருது. அந்த சீட்ல நானே இருந்தாலும் இதைத் திருப்பித்தான் அனுப்புவேன்."

பி.எஃப்.புக்கு ஏற்ற காரணம்

அதற்கப்புறம் 'அறவே கேட்கவில்லை' என்றே எழுத ஆரம்பித்தேன். மனுக்கள் மளமளவென்று பாஸாயின. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த மாடசாமி விஷயத்தில் மட்டும் அது பலிக்கவில்லை. தறிகெட்ட இரைச்சலில் வருஷக்கணக்காக நின்று காது போனவர். அவர் பி.எஃப்.பில் பணம் எடுக்க மனு கொடுத்தால், 'காது கேட்காதது குறை. நோய் அல்ல' என்று மில் ஆபீஸ் குமாஸ்தா சாதித்தார்.

நானும் கூடப் போய் வாதாடிப் பார்த்தேன். குமாஸ்தா நல்ல மனுஷர்தான். குரலைத் தணித்து, "மகள் கல்யாணம்னு போடுங்க, ஒரே வாரத்துல கிடைக்கும்" என்று வழி சொன்னார். நான் அதை மாடசாமி காதில் மறுபடி கத்த வேண்டியிருந்தது. ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மாடசாமி நிதானமாகச் சொன்னார்: "எனக்கு மூணும் பயலுவ, சார். ஒரு மிஷினுக்காக இனிமே பொம்பளைப் பிள்ளைக்கு எங்க போவேன்?"

ரூத் டீச்சர் வந்தார்

மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்தில் ரூத் டீச்சர் கணக்குப் பாடம் எடுத்தார். வகுப்பு மொத்தமாகக் கத்துவது அவருக்குக் கேட்கும். கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை மெல்லச் சந்தேகம் கேட்டால் கேட்காது. பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டே சமாளித்திருக்கிறார். அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது. இரண்டு பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மிஷினை மாட்டிப் பார்த்ததும் சேலை உரசுகிற சத்தம்கூடக் கேட்கிறது என்று சிரித்தார். ஒயரைப் பின்னலுக்குள் மறைத்துக்கொண்டார். நான் வழக்கம்போல் 'இரு காதுகளும் அறவே கேட்கவில்லை' என்று பள்ளி நிர்வாகத்துக்கு மனுவை எழுதி நீட்டினேன். டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். அவ்வளவு மோசமில்லையே என்றார். இப்படி எழுதினால்தான் நடக்கும் என்று நான் அடித்துச் சொன்னேன். "சரி அண்ணாச்சி, ஒங்க தொழில் ஒங்களுக்குத் தெரியும்" என்று கையெழுத்துப் போட்டார்.

என் எழுத்து செய்த வேலை

பணம் வரும் முன்னே பள்ளி நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. அறவே காது கேளாதவர் எப்படிப் பாடம் நடத்த முடியும்? பாளையங்கோட்டையில் மெடிக்கல் போர்டு முன் ஆஜராகித் தகுதிச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும், அதுவரை லீவு. போர்டு தகுதியில்லை என்று எழுதிவிட்டால் வேலை போய்விடும். நிர்வாகத்தைக் குறை சொல்ல வழியில்லை. அவர்கள் படித்தது என் எழுத்தைத்தான்.

டீச்சர் கடிதத்தோடு கடைக்கு வந்தார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. "பில்லு போனாப் போகட்டும் அண்ணாச்சி" என்றார். "என் வகுப்ப மட்டும் எனக்கு வாங்கித் தாங்க."

மெடிக்கல் போர்டு

நானும் பாளையங்கோட்டைக்குப் போனேன். மிஷின் விற்றவன் என்று சொன்னதும் உள்ளே விட்டு, கதவோரம் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மூன்று டாக்டர்கள். டீச்சர் மிஷினை மாட்டிக்கொண்டு, எனக்கு முதுகு காட்டி அவர்கள் முன் உட்கார்ந்திருந்தார். பேர், ஊர், சர்வீஸ் எல்லாம் கேட்டார்கள்; சரியாகச் சொன்னார். உதட்டைப் பார்த்துச் சொல்கிறாரோ என்று பெரிய டாக்டருக்குச் சந்தேகம். ஃபைலைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு, "பதினேழு எட்டு எவ்வளவு?" என்றார்.

டீச்சர் பதில் சொல்லவில்லை. கேட்கவில்லை, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். பதற்றத்தில் நானே கணக்குப் போட்டு வாய்க்குள் முனகியிருக்கிறேன்.

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நூத்தி முப்பத்தாறு, சார்" என்றார். "பின்னால இருக்க கடைக்கார அண்ணாச்சி நூத்தி இருபத்தாறுன்னு முணுமுணுக்காரு. அது தப்பு. அவரு முடிக்கட்டும்னுதான் பொறுத்தேன்."

டாக்டர்கள் சிரித்து ஓய்ந்ததும், 'மிஷின் இல்லாமல் கேட்பது கடினம். மிஷினோடு நன்றாகக் கேட்கிறது. பணிக்குத் தகுதி' என்று பெரியவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் மறுநாளே வகுப்புக்குப் போனார். அதே சான்றிதழைக் காட்டி பில்லும் பின்னால் பாஸாயிற்று.

இத்தனை வருஷ வியாபாரத்தில், விற்ற சரக்கு இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே என்று நான் தலைகுனிந்தது அந்த ஒரு நாள்தான்.